அன்று ஊரில் இல்லாதவர்கள்

பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டியூட்டி சார்ட் எழுதியவருக்கு மனிதர்கள் மேல் பெரிய நம்பிக்கை எதுவும் மிஞ்சியிருக்காது. எந்த டிரைவர் எந்த வண்டி, எந்தக் கண்டக்டர் எந்த ரூட், யாருக்கு வார ஓய்வு என்று நாளைய பட்டியலை இன்று மத்தியானமே எழுதி, சுவரிலிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டிப் பூட்டிவிட வேண்டும். பூட்டிய ஐந்தாவது நிமிஷம் லீவ் லெட்டர்கள் வர ஆரம்பிக்கும். காய்ச்சல். வயிற்றுப்போக்கு. பெரியப்பா தவறிவிட்டார். ஒரே கண்டக்டருக்கு ஒரே வருஷத்தில் நான்கு பெரியப்பாக்கள் தவறியதை அவர் பார்த்திருக்கிறார். நான்காவது லெட்டரின் ஓரத்தில், "ஆழ்ந்த அனுதாபங்கள். இன்னும் எத்தனை பேர் மீதி?" என்று எழுதி அனுப்பினார். அதற்கு அவருக்கு மெமோ கொடுத்தார்கள். கண்டக்டருக்கு லீவு கொடுத்தார்கள்.

டிப்போவில் அவருக்குப் பெயர் சார்ட்டுக்காரர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் ஓய்வு பெறவில்லை. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர் தலைவர்களின் புத்தகங்களைப் படிக்க ஆரம்பித்தது இலக்கிய ஆர்வத்தாலோ நாட்டுப்பற்றாலோ அல்ல. பஸ்ஸில் யாரோ விட்டுப்போன புத்தகம் ஒன்று ஆறு மாதமாக டிப்போ அலமாரியில் கிடந்தது. ஒரு முன்னாள் நிதியமைச்சரின் சுயசரிதை. குடையைத் தேடி ஆட்கள் வருவார்கள், டிபன் டப்பாவைத் தேடி வருவார்கள், ஒற்றைச் செருப்பைத் தேடிக்கூட ஒருவர் வந்திருக்கிறார். அமைச்சரின் சுயசரிதையைத் தேடிக்கொண்டு ஒருவரும் வரவில்லை. சும்மா இருந்த ஒரு மத்தியானத்தில் சார்ட்டுக்காரர் அதைப் பிரித்தார். பிறந்தது, படித்தது, சிறை சென்றது எல்லாம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விவசாயிகள் ஊர்வலத்தின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அன்று அமைச்சருக்குக் காய்ச்சல். படுத்த படுக்கையாக இருந்தாராம். செய்தியே மறுநாள்தான் தெரிந்ததாம்.

சார்ட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் காய்ச்சலை அவருக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த வாரமே நூலகத்தில் சேர்ந்து, அதே மந்திரிசபையில் இருந்த இன்னொருவரின் புத்தகத்தைத் தேடி எடுத்தார். அதில் காய்ச்சல்காரர் அன்று சாயங்காலம் ஒரு கல்யாண வரவேற்பில் நின்றுகொண்டிருந்தார், போட்டோவோடு. மாலையும் கழுத்துமாக, காய்ச்சலுக்கு உண்டான எந்த அடையாளமும் இல்லாமல். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இருபத்தைந்து வருஷமாக விடவில்லை. நூற்று நாற்பது புத்தகங்கள். பிரதமர்கள், மேயர்கள், கட்சிச் செயலாளர்கள், துறைமுகத் தொழிற்சங்கத் தலைவர்கள், தேர்தல் கமிஷனர் ஒருவர். ஒரு தடித்த நோட்டு வாங்கி, டியூட்டி சார்ட் மாதிரியே கோடு போட்டுக்கொண்டார். பெயர், நாள், சம்பவம், எங்கே இருந்ததாகச் சொல்கிறார், எங்கே இருந்தார். கடைசிக் கட்டத்தை மற்றவர்களின் புத்தகத்தைப் பார்த்துத்தான் நிரப்ப முடியும் என்பதால் அவருக்கு எதிர்க்கட்சிக்காரர்களின் நினைவுகள் மேல் தனிப் பிரியம் உண்டு.

கட்சி உடைந்த அன்று, கலவரம் மூண்ட அன்று, நண்பனை ஜெயிலில் போட்ட அன்று, ஒரு தலைவரும் ஊரில் இருந்ததில்லை. நோட்டுப்படி வெளிநாட்டுப் பயணம் இருபத்திரண்டு, காய்ச்சல் பதினான்கு, தாயாருக்கு உடல்நலக்குறைவு ஒன்பது, பல்வலி ஒன்று. பல்வலி சொன்னவர் மேல் அவருக்குக் கொஞ்சம் மரியாதைகூட உண்டு. மனுஷன் சொந்தமாக யோசித்திருக்கிறார் அல்லவா!

"சுயசரிதைன்னா என்ன? பைண்டு பண்ணின லீவ் லெட்டர். அவ்ளோதான்," என்பார்.

கேட்பதற்கு வீட்டில் ஒரே ஆள், மனைவி. அவள் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலையில் இருந்தாள். நாள் முழுக்க வரிசையில் முந்துகிறவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "இன்னிக்கு ஒருத்தர் கையும் களவுமா மாட்டினார், கேளு," என்று ஆரம்பிப்பார்.

"அவங்க ஊர்ல இருந்திருந்தா மட்டும் என்னத்தைக் கிழிச்சிருக்கப் போறாங்க?" என்பாள் அவள்.

"அது வேற விஷயம். ஊர்ல இருந்தேன், ஒண்ணும் பண்ணலனு எழுதலாமில்ல? ஒருத்தனாவது எழுதறானா பாரு!"

"நீங்க எழுதுங்களேன்," என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போய்விடுவாள். அவர் நோட்டை மூடிவைப்பார்.

நூலகத்தின் கூட்ட அறையில் புத்தக வெளியீடு என்று போர்டு வைத்தால் போதும், சார்ட்டுக்காரருக்கு மூக்கில் வேர்த்துவிடும். மூன்றாவது வரிசை, ஓர நாற்காலி, மடியில் நோட்டு. ஒருமுறை முன்னாள் மேயர் ஒருவரிடம் எழுந்து கேட்டார். "கவுன்சில் கூட்டத்துல நாற்காலி பறந்த அன்னிக்கு நீங்க கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டுப் படுத்திருந்ததா எழுதியிருக்கீங்க. உங்க துணை மேயர் புத்தகத்துல அதே நாள் அவர் வீட்டுல நீங்க கேரம் விளையாடினதா இருக்கு. ஒத்தக் கண்ணோடயா விளையாடினீங்க?" மேயர் தண்ணீர் கேட்டார். அன்று முதல் நூலகர் அம்மா இவர் கை தூக்கினால் மைக்கை எடுத்துக்கொண்டு அறையின் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

இப்படி ஊரார் குடுமியைப் பிடித்து ஆட்டிய மனிதருக்கும் ஒரு நாள் இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்து நீட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது, டிப்போவில் சேர்ந்து எட்டு மாதம். அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. வீட்டில் அவரும் அப்பாவும் மட்டும். அக்காவைக் கட்டிக்கொடுத்த இடத்தில் அடி, உதை. அது அப்பாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு முற்பகலில் அக்கா பத்து மாதக் குழந்தையை இடுப்பிலும் பெட்டியைக் கையிலும் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்த அப்பா எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். அக்கா கதவைத் தட்டினாள். அப்பா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, நீயாவது தெறடா," என்றாள்.

தம்பி பின் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டியூட்டிக்குப் போகச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு தயாராகத்தான் இருந்தார். எழுந்திருக்கவில்லை. ஏன் எழுந்திருக்கவில்லை என்றால் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. அப்பாவிடம் பயம். அவ்வளவுதான். சத்தம் நின்ற பிறகு பின்வாசல் வழியாக டிப்போவுக்குப் போனார்.

அக்கா கல்யாணத்துக்கு முன்னால் நர்ஸாக இருந்தவள். பழைய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் தன் குவார்ட்டர்ஸில் ஓர் அறையைக் கொடுத்து, வேலையும் வாங்கிக் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து சார்ட்டுக்காரர் பிஸ்கட் பாக்கெட்டோடு அங்கே போய் நின்றார்.

"அக்கா, அன்னிக்கு நான் ஊர்லயே இல்லக்கா. வெளியூர் டிப்போவுல ஸ்பெஷல் டியூட்டி. திரும்பி வந்துதான் விஷயமே தெரிஞ்சுது."

அக்கா பாக்கெட்டைப் பிரித்துக் குழந்தை கையில் ஒரு பிஸ்கட் கொடுத்தாள். "அப்படியா? சரி. டீ குடி," என்றாள்.

அவர் நேராக டிப்போவுக்குப் போய், ஃபைலில் இருந்த அந்த நாளின் சார்ட்டை எடுத்து, தன் பெயருக்கு நேரே 'வெளியூர்' என்று மாற்றி எழுதினார். அக்கா வந்து டிப்போவில் விசாரிப்பாள் என்று பயம். முப்பத்தோரு வருஷத்தில் அவர் எழுதிய ஒரே பொய்ச் சார்ட் அதுதான். அதைப் பார்க்க ஒரு ஈ காக்கா வரவில்லை.

பொய் சொல்வதில் இருக்கிற சங்கடம், அதை ஒரு தடவை சொன்னால் போதாது என்பது. கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னார். பாப்பா வளர்ந்த பிறகு பாப்பாவிடம் சொன்னார். பாப்பா என்பது அன்று இடுப்பில் இருந்த குழந்தை. இப்போது முப்பத்தெட்டு வயது, உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர், ஆனாலும் வீட்டில் பாப்பாதான். பள்ளி விடுமுறைகளையெல்லாம் மாமா வீட்டில் கழித்தவள். அவள் காலில் முள் குத்தினால் இவர் கண்ணில் தண்ணீர் வரும். தோழிகளிடம் மாமாவை அறிமுகப்படுத்தும்போதெல்லாம், "எங்க மாமா மட்டும் அன்னிக்கு ஊர்ல இருந்திருந்தா, கதவையே ஒடச்சிருப்பார்," என்பாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அந்தக் கண்ணாடி அளவுக்குத் துடைக்கப்பட்ட கண்ணாடி இந்த உலகத்தில் இருக்காது.

அக்கா நர்ஸுகளின் சங்கத்தில் சேர்ந்தாள், செயலாளர் ஆனாள், ஐம்பத்து மூன்று நாள் வேலைநிறுத்தம் நடத்தி, பாதியில் ஜெயிலுக்கும் போய், கடைசியில் ஜெயித்தாள். அவள் போட்டோ பேப்பரில் வந்தது. ஓய்வு பெற்றபின் சும்மா இருப்பாள் என்று பார்த்தால், புத்தகம் எழுதிவிட்டாள். தலைப்பில் 'போராட்டம்' என்ற வார்த்தை இருந்தது. அது இல்லாவிட்டால் அந்தப் பதிப்பாளருக்குத் தூக்கம் வராது.

புத்தகம் தபாலில் வந்தது. சார்ட்டுக்காரர் மூன்று நாள் உறையைப் பிரிக்கவில்லை.

"நூத்தி நாப்பது பேர் புத்தகத்தைக் குடைஞ்சு குடைஞ்சு படிச்சீங்க. சொந்த அக்கா புத்தகத்தைப் பாம்பு மாதிரி பாக்கறீங்க," என்றாள் மனைவி.

"படிக்கலாம், படிக்கலாம். என்ன அவசரம்?"

உறையை அலமாரி மேல் தூக்கி வைத்தார். அக்காவுக்கு ஏதாவது தெரிந்திருந்தால்? அப்பாதான் சாவதற்கு முன் உளறிவைத்திருந்தால்? அச்சில் ஏறிவிட்டால் மனைவி படிப்பாள். பாப்பா படிப்பாள். அவருக்கு மற்றவர்களைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. பாப்பா படிப்பாள் என்பதைத்தான் நினைக்க முடியவில்லை.

நான்காம் நாள் மனைவி வேலைக்குப் போன பிறகு பிரித்தார். நாற்பத்தேழாம் பக்கம். "நாங்கள் வெகுநேரம் வாசலில் நின்றோம். அன்று என் தம்பி ஊரில் இல்லை. இருந்திருந்தால் திறந்திருப்பான்."

அப்பாடா! சார்ட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பிறகு தெரு முனைக்குப் போய் முடி வெட்டிக்கொண்டார். திரும்பி வந்து முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார். படிக்கப் படிக்க அவருடைய சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போயிற்று. இந்த மாதிரிப் புத்தகத்தை அவர் பார்த்ததில்லை. வேலைநிறுத்தத்தின் நாற்பதாவது நாள் தனக்கு உதறல் எடுத்து, யாருக்கும் சொல்லாமல் சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போனதாக அக்கா எழுதியிருந்தாள். அதிகாரி சாப்பிடப் போயிருந்ததால்தான் போடவில்லை, வேறு வீரம் ஒன்றுமில்லை என்றும் எழுதியிருந்தாள். வார்டில் ஒரு நோயாளி இறந்த அன்று தான் தூங்கிவிட்டதை எழுதியிருந்தாள். கெட்ட நாள் ஒவ்வொன்றிலும் அவள் ஊரில் இருந்தாள்.

சாயங்காலம் வழக்கப்படி நோட்டை எடுத்தார். நூற்று நாற்பத்தொன்று. பெயர் எழுதினார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. அக்காவின் புத்தகம் முழுவதிலும் பொய் ஒன்றே ஒன்றுதான். அதுவும் அவள் பொய் அல்ல.

வெளியீட்டுக் கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, அதே நூலகத்தில். பஸ்ஸில் போகும்போது மனைவியிடம், "ஒரு விஷயம் சொல்லணும்," என்று ஆரம்பித்தார்.

"எறங்கற இடம் வந்தாச்சு. எந்திரிங்க," என்றாள் அவள்.

அறை நிறைந்திருந்தது. பழைய நர்ஸுகள் வரிசை வரிசையாக உட்கார்ந்து, மேடையில் பேசியவர்களை விட அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாப்பா முதல் வரிசையில். பாராட்டுரைகள் முடிந்து கேள்வி நேரம் வந்தது. சார்ட்டுக்காரர் கை தூக்கினார். நூலகர் அம்மா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு மைக்கோடு எதிர்ப்பக்கம் நடந்தார். பாப்பா எழுந்துபோய் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"எங்க மாமா கேக்கட்டும் மேடம். அவரைத் தவிர வேற யார் ஒழுங்காப் படிச்சிருப்பாங்க?" என்று சொல்லிக்கொண்டே வந்து அவர் கையில் கொடுத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"ஏங்க, சொந்த அக்காகிட்டயா? உக்காருங்க," என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பக்கம் நாப்பத்தேழு," என்றார் சார்ட்டுக்காரர். பின்னால் யாரோ சிரித்தார்கள். "தேதி சரியா இருக்கு. தம்பி ஊர்ல இல்லனு போட்டிருக்கு. அது தப்பு."

பதிப்பாளர் மேடையிலிருந்து, "ஐயா, ஆதாரம் இருந்தா எழுதிக் குடுங்க. அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்," என்றார்.

"ஆதாரம் நான்தாங்க. பின் ரூம்ல உக்காந்திருந்தேன். அக்கா கூப்பிட்டது கேட்டுச்சு. எந்திரிக்கல."

சட்டையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. பாப்பா நிற்கிற பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை.

அக்கா தன் முன்னால் இருந்த மைக்கை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"தெரியும்," என்றாள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உன் சைக்கிள் மேலதான் பெட்டியைச் சாச்சு வச்சிருந்தேன். சைக்கிள் இல்லாம டிப்போவுக்கே போக மாட்டே, எந்த வெளியூருக்குடா போவே நீ?"

"அப்புறம் ஏன்க்கா இப்படி எழுதினே?"

அக்கா டம்ளரை எடுத்தாள், குடிக்காமலே வைத்தாள். "அன்னிக்குக் குழந்தையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தேன். தம்பி ஊர்ல இல்ல, தம்பி ஊர்ல இல்லனு சொல்லிக்கிட்டே நடந்தேன். அப்பா தெறக்கலங்கறதத் தாங்கிக்க முடிஞ்சுது. நீயும் தெறக்கலனு நெனச்சா காலு எழும்பல. ஒரு வாரம் கழிச்சு நீயே வந்து அதையே சொன்னே. நான் சொல்லிக்கொடுத்த மாதிரி அச்சு அசலா அதையே. எனக்கு நிம்மதியாப் போச்சு. சரின்னுட்டேன்."

பதிப்பாளர் பேனாவைத் திறந்து, "அப்ப அடுத்த பதிப்புல திருத்திடலாமாம்மா?" என்று கேட்டார்.

"வேண்டாம். அன்னிக்கு நான் என்ன நெனச்சேனோ அதுதான் அதுல இருக்கு. அவனுக்கு வேணும்னா அவன் எழுதட்டும்." அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "அடுத்த கேள்வி?"

அடுத்த கேள்வி யாருக்கும் இல்லை. நூலகர் அம்மா அவசர அவசரமாக நன்றி சொல்லப் போனார்.

பாப்பா மாமாவின் கையிலிருந்து மைக்கை வாங்கி, பட்டனை அணைத்தாள். அப்போதுதான் அவர் அவளைப் பார்த்தார். அவள் அழவில்லை. வகுப்பில் விடைத்தாள் கொடுக்கும்போது இப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வாள் போலிருக்கிறது.

"வெகுநேரம் நின்னோம்னு அம்மா எழுதியிருக்காங்க," என்றாள். "எவ்வளவு நேரம் மாமா?"

ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். நூற்று நாற்பது பேரும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். முப்பத்தேழு வருஷம் ஆகிறது, யார் கேட்கப் போகிறார்கள்?

"பதினோரு நிமிஷம்," என்றார் சார்ட்டுக்காரர். "கட்டிலுக்கு எதிர்லதான் கடிகாரம். நீ ஏழு நிமிஷம் அழுதே. அப்புறம் உனக்கு இருமல் வந்துடுச்சு."

மனைவி ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டாள். பாப்பா உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.